குழலுக்குள் மூடுபனி

நவம்பர் 3, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். குன்னூர் முழுக்க மூடுபனி. இந்த வருஷம் பனி முந்திக்கொண்டுவிட்டது. ஆகஸ்டில் இறங்கியது இன்னும் விலகவில்லை. பத்திரிகைக்காரர்கள் மையை மிச்சம் பிடிக்கிறார்கள். தலைப்பைத் தவிர வேறு எதையும் படிக்க முடியவில்லை. புகார்க் கடிதம் எழுத வேண்டும்.

வாசல்படியில் ஒரு பூனை சுருண்டு கிடந்தது. இரண்டு முறை அதட்டினேன். கொஞ்சம்கூட அசையவில்லை, அவ்வளவு திமிர். தனபாக்கியம் வந்து அதை எடுத்து உதறி மடித்து உள்ளே கொண்டுபோனாள். என் மஃப்ளராம். மஃப்ளரை வாசல்படியில் போடுவது யார் என்று கேட்டேன். நான்தானாம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் எல்லாக் குற்றமும் என்மேல்தான் விழுகிறது.

பதினோரு மணிக்குப் பல் டாக்டர் வில்பிரட் வந்தார். எங்கள் தெருமுனையில்தான் கிளினிக் வைத்திருக்கிறார். ரைஃபிள் கிளப்பின் செயலாளரும் அவரே. ஓய்வு பெற்ற சுபேதார் போஜன் தன் பழைய ராணுவ ரைஃபிளை விற்கப்போகிறாராம். 1943-ஆம் வருஷத்து முத்திரை போட்டது. பின்னாளில் உரிமம் கிடைக்கும் அளவுக்குக் குழல் மாற்றியது. போஜன் வருஷ முடிவில் மைசூரில் இருக்கும் மகன் வீட்டுக்கே போய்விடுகிறார். அதற்குள் விற்கவில்லை என்றால் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். டாக்டருக்கு அந்தத் துப்பாக்கிமேல் மூன்று வருஷமாகக் கண். ஆனால் கிளப்பில் ஒரு விதி உண்டு: பழைய ரைஃபிளை ஆர்மரர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் சுடுதளத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

இந்த மலையில் ஆர்மரர் என்றால் நான் ஒருவன்தான். ராணுவத்தில் இருபத்தாறு வருஷம் துப்பாக்கி பழுது பார்த்த ஹவில்தார் பொன்னுரங்கம். நான் சரி என்ற துப்பாக்கியைக் கர்னல்கூட மறுபேச்சின்றி எடுத்துப்போவார். நான் கழித்ததை யாரும் தொடமாட்டார்கள். ஒரு முறைகூட என் தீர்ப்பு மாறியதில்லை. இதை டாக்டரிடம் பணிவாகச் சொன்னேன். "ஐயா, நீங்க சரின்னா வாங்குறேன். இல்லைன்னா பேச்சே கிடையாது" என்றார்.

மனுஷனுக்குக் கடைசிவரை மிஞ்சுவது அவன் சொல்லுக்கு இருக்கும் மதிப்புதான். இரவு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

நவம்பர் 5, வியாழன்

கருவிப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். குழலுக்குள் துணி இழுக்கும் கயிறு, எண்ணெய்க் குப்பி, பித்தளைச் சுத்தியல், அளவுக்கட்டைகள், போலித் தோட்டா. எல்லாம் வைத்த இடத்தில் கை போட்டதும் கிடைத்தன. கண்ணே தேவையில்லை.

அப்படி நான் சொல்லியிருக்கக் கூடாது. தனபாக்கியம் கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரியைப் பற்றி மறுபடி ஆரம்பித்துவிட்டாள். என் கண் எப்படிப்பட்ட கண் என்று அவளுக்கு விளக்கினேன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கீறலைப் பார்த்த கண் அது. அவள் நான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி, திருப்பி, மறுபடி மாட்டிவிட்டாள்.

நவம்பர் 8, ஞாயிறு

டாக்டரின் காரில் போஜன் வீட்டுக்குப் போனோம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் பச்சைத் தகரக் கூரை போட்ட வீடு. வழியெல்லாம் பனி. டாக்டர் விளக்குப் போடாமல் ஓட்டினார். கண்டித்தேன். வெயில் அடிக்கிறதே என்றார். இளரத்தம், அலட்சியம்.

போஜனுக்கு என்னைவிட ஆறு வயது கூட. எழுபத்தெட்டு. ஆனாலும் முதுகு வளையவில்லை. ஒரே பட்டாலியனில் இருந்தோம். அவர் சுபேதார், நான் ஹவில்தார். இன்றைக்கும் நான் அவரை "சாப்" என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பெண் பார்க்க வந்தவர்களுக்குச் செய்வதுபோல எல்லாம் செய்து வைத்திருந்தார்கள். மேஜைமேல் புதுத் துண்டு விரித்து, அதன்மேல் ரைஃபிள். போஜனின் மனைவி மாதியம்மா பஜ்ஜியும் காப்பியும் கொண்டுவந்தார். போஜன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்ணின் தகப்பனார் மாதிரி எதிரில் உட்கார்ந்தார். குழலைக் காலையில்தான் துடைத்தாராம். கண்ணாடி மாதிரி இருக்குமாம். பெண்ணின் தகப்பனார்கள் எல்லாரும் சொல்வதுதான்.

நான் அவசரப்படவில்லை. முதலில் கட்டையைத் தடவினேன். வால்நட் மரம், கைப்பிடி கழுத்தில் வெடிப்பு இல்லை. எண்ணைக் கட்டைவிரலால் படித்தேன்: 4417. குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டிலும் அதே எண். இரண்டும் ஒரே பிரசவத்தில் பிறந்தவை. போல்ட்டை இழுத்துத் தள்ளிப் பூட்டினேன். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. "போல்ட் முதல் தரம்" என்றேன். போஜன் ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தார்.

பிறகு குழல். போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கத் திறப்பில் கட்டைவிரல் நகத்தை வைக்க வேண்டும். நகத்தில் பட்டு வெளிச்சம் குழலுக்குள் ஓடும். முன்வாயில் கண்ணை வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். வைத்தேன். குழல் முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. எங்கே பார்த்தாலும் மங்கல், புள்ளி, புகைப்படலம். துரு தின்று தீர்த்த குழல். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதே கதி. வாசலுக்குக் கொண்டுபோனேன். இன்னும் மோசம்.

டாக்டரும் ஒரு முறை பார்த்தார். தனக்குப் பளபளவென்றுதான் தெரிகிறது என்றார். பல்லைப் பார்த்துப் பழகியவருக்கு வெள்ளையாக இருந்தால் போதும். பளபளப்பு ஏமாற்றும் என்று சொல்லி, என் தீர்ப்பைச் சொன்னேன்: குழல் போய்விட்டது, சுடக் கூடாது, வாங்கக் கூடாது.

போஜன் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "பொன்னுரங்கம், நாப்பது வருசமா இதுக்கு எண்ணெய் போட்டது நானு. என் வீட்டுல உக்காந்து, என் பஜ்ஜியைத் தின்னுட்டு, எனக்குத் துப்பாக்கி வெச்சுக்கத் தெரியலைன்னு சொல்றே."

உண்மையைச் சொல்வது என் வேலை. ஆனால் திரும்பி வரும்போது மனசு சரியில்லை. பஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 10, செவ்வாய்

ராணுவ கேன்டீனில் எண்ணெயும் சோப்பும் வாங்கப் போனேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. போஜன் காலையிலேயே வந்து போயிருக்கிறார். போஜன் குழலையே துருப்பிடிக்க விட்டுவிட்டாரா என்று பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை.

யாரோ எனக்கு சல்யூட் அடித்தார். நானும் அடித்தேன். வெளியே வந்த பிறகு அது விளம்பர அட்டை என்று தனபாக்கியம் சொன்னாள். ஆளுயரத்துக்கு அட்டை வைப்பவர்களைச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 12, வியாழன்

பதிவுத் தபாலில் போஜன் கடிதம் அனுப்பியிருக்கிறார். இரண்டு கிலோமீட்டர் தூரத்திலிருந்து பதிவுத் தபால். எழுத்து சரியில்லாததால் தனபாக்கியத்தைப் படிக்கச் சொன்னேன். டைப் அடித்ததுதான் என்றாள். டைப்பையும் ஒழுங்காக அடிக்க வேண்டுமே.

"பொருள்: ரைஃபிள் எண் 4417-இன் குழல்மீது சுமத்தப்பட்ட களங்கம், மறு ஆய்வு கோருதல்" என்று தொடங்கி நான்கு பத்தி. டிசம்பர் பதினைந்துக்குள் சாட்சிகள் முன்னிலையில் நான் மறுபடி பார்க்க வேண்டும். இல்லையென்றால் கேன்டீன் அறிவிப்புப் பலகையில் மன்னிப்புக் கடிதம் ஒட்ட வேண்டும். மைசூருக்குப் போகும் முன் தன் பெயரைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போவாராம். கீழே, அடிக்குறிப்பாக, மாதியம்மா என்னை விசாரித்ததாகவும் எழுதியிருக்கிறார்.

ஆர்மரர் தீர்ப்பு மாறாது என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். தனபாக்கியம் அதைத் தபாலில் போடுவதாக வாங்கிக்கொண்டாள். போட்டாளா என்று தெரியவில்லை.

நவம்பர் 15, ஞாயிறு

டாக்டர் கிளப்புக்குக் கூட்டிப்போனார். ஒப்பிட்டுப் பார்க்கத் தன் சொந்த ரைஃபிளைக் கொடுத்தார். போன வருஷம் வாங்கியது, முந்நூறு ரவுண்டுகூடச் சுடாதது.

நகத்தை வைத்துப் பார்த்தேன். ஐயோ பாவம், அதே சாம்பல், அதே புள்ளி. பராமரிப்பு போதாது என்று தன்மையாகச் சொன்னேன். இன்னொரு உறுப்பினரின் ரைஃபிளைக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் போய்விட்டது. மூன்றாவது, பெட்டியிலிருந்து இன்றுதான் பிரித்தது, மேலே ஒட்டிய காகிதம்கூடக் கிழிக்காதது. அதையும் கழித்தேன். நீலகிரிச் சீமையில் நல்ல குழலே இல்லை. ஈரம்தான் காரணம்.

டாக்டர் மூன்று ரைஃபிளையும் எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு எதிர்ச் சுவரில் இருக்கும் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோல. சுடுதளப் பலகையில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? "குழலை எப்போதும் தரையை நோக்கி வைக்கவும்" என்றேன். சரிதான் ஐயா என்று தலையாட்டினார்.

கிளம்பும்போது நானே பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அது ஜன்னல்.

நவம்பர் 18, புதன்

மேட்டுப்பாளையத்தில் தனபாக்கியத்தின் தங்கை மகளுக்குக் கல்யாணம். மலையை விட்டு இறங்கினால் பனி தொலையும் என்று பார்த்தேன். மேட்டுப்பாளையத்திலும் பனி. மதியம் பன்னிரண்டு மணிக்கு, வேர்த்துக் கொட்டும்போது பனி. வானிலை அடியோடு கெட்டுவிட்டது. இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

மாப்பிள்ளைப் பையனைத் தனியாகப் பிடித்து அரை மணி நேரம் இல்லறத்தைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு பணிவு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவன் நாதஸ்வரக் குழுவில் ஒத்து ஊதுகிறவன் என்று பஸ்ஸில் தனபாக்கியம் சொன்னாள். பட்டு வேட்டி கட்டியிருந்தானே என்றேன். கல்யாணத்தில் எல்லாரும்தான் கட்டியிருந்தார்கள் என்றாள். அதற்கப்புறம் குன்னூர் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். படிக்கட்டில் இறங்கும்போதும் விடவில்லை.

நவம்பர் 20, வெள்ளி

குளியலறைக் குழாய் மாற்ற ஆள் வந்தார். வெட்டி மிஞ்சிய புதுப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று முற்றத்தில் கிடந்தது. ரைஃபிள் குழல் நீளம் இருக்கும். பழக்கதோஷம், கையில் எடுத்தேன். ஒரு முனையில் கட்டைவிரல் நகம், மறுமுனையில் கண்.

சாம்பல், புள்ளி, புகைப்படலம்.

துணி விட்டு இழுத்துத் துடைத்தேன். மறுபடி பார்த்தேன். துரு போகவில்லை.

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது.

முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பட்டறையில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே நூறு முறை சொன்ன விஷயம்: அடுத்தடுத்து நாலு துப்பாக்கியில் ஒரே குறை தெரிந்தால், துப்பாக்கியைத் திட்டாதே, உன் அளவுக்கட்டையைச் சோதித்துப் பார். போஜனுடையது ஒன்று, கிளப்பில் மூன்று, இது ஐந்து. அளவுக்கட்டை எது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

குழாய்க்காரர் அதைத் தூக்கிப் போடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

நவம்பர் 21, சனி

மழை.

நவம்பர் 22, ஞாயிறு

நேற்றிலிருந்து பயமாக இருந்தது. கண் போய்விடும் என்ற பயம் இல்லை. போஜன் நின்ற நிலை திரும்பத் திரும்ப வந்தது. நல்ல குழலை அதன் சொந்தக்காரர் முன்னால் வைத்துக் கெட்டது என்றேன். இப்படிப்பட்டவன் கெட்டதை நல்லது என்றும் சொல்லியிருப்பானே. அன்றைக்குப் போல்ட் முதல் தரம் என்றேனே, அதை எதை வைத்துச் சொன்னேன்? சத்தத்தை வைத்து. டாக்டர் தன் கன்னத்தை அந்தப் போல்ட்டுக்கு அரையடி தூரத்தில் வைத்துச் சுடுவார்.

மத்தியானம் தனபாக்கியத்திடம் சொன்னேன். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று. இந்த ஒரு வாக்கியத்தைத் தொண்டையிலிருந்து எடுக்க இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

அவள் திடுக்கிடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துவந்தாள். கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரி, வரும் புதன்கிழமை. "மூணு மாசமா மாத்தி மாத்தித் தேதி வாங்கினுகீறேங்க. அந்தம்மா போன்ல என் குரலைக் கேட்டாலே சிரிக்குது" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தினமும் சொன்னாளாம்.

நவம்பர் 25, புதன்

வலது கண்ணில் அறுவை முடிந்தது. குறி பார்த்துச் சுடும் கண். புரைதான், முற்றிப்போனது, இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். பனி என்று நினைத்தேன் என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

வைக்கப்போகும் லென்ஸுக்கு வரிசை எண் உண்டாம். அட்டையில் இருப்பதும் டப்பாவில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொன்னேன். நர்ஸ் இரண்டையும் உரக்கப் படித்தார். பொருந்தியது. பிறகுதான் படுத்தேன்.

இதைச் சொல்லச் சொல்ல எழுதுவது தனபாக்கியம். அவள் எழுத்துப் பிழைகளுக்கு நான் பொறுப்பல்ல. (பிழை ஒன்றும் இல்லை. தன.)

டிசம்பர் 4, வெள்ளி

கட்டு, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போய், இன்றுதான் படிக்கவும் எழுதவும் அனுமதி.

காலையில் பத்திரிகை படித்தேன். மை எங்கும் கறுப்பாகத்தான் இருக்கிறது. புகார்க் கடிதம் எழுதாதது நல்லதாகப் போயிற்று. எங்கள் வீட்டுச் சுவர் இளம்பச்சை. வெள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். பெயின்ட் அடித்து ஒன்றரை வருஷம் ஆகிறதாம். நான்தான் நிறம் தேர்ந்தெடுத்தேனாம். தனபாக்கியத்துக்கு முன்தலை பூராவும் நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது என்று கேட்கவில்லை.

பிறகு இந்த நாட்குறிப்பைத் திறந்தேன். என் எழுத்து கோடு தாண்டாமல் நேராகப் போயிருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் கோடுகளைக் கவனித்தேன். அச்சில் வந்த சன்னக் கோடுகளுக்கு மேல், ஒன்று விட்டு ஒன்று, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடித்த கோடு போட்டிருக்கிறது. ஸ்கேல் வைத்துப் போட்டது. ஜனவரி ஒன்றாம் தேதிப் பக்கத்திலிருந்து இருக்கிறது. இனி வரப்போகிற பக்கங்களைப் புரட்டினேன். டிசம்பர் முப்பத்தொன்று வரை போட்டு முடித்திருக்கிறாள்.

சமையலறைக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் நானும் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். அழுகிய இலை ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு இப்படி ஒருத்தி கிடைத்திருக்கக் கூடாது, நான் அவ்வளவு நல்லவன் இல்லை என்று தோன்றியது. சொன்னேன். அதுக்கின்னா இப்ப, அந்தத் தண்டைக் கிள்ளுங்க என்றாள்.

டிசம்பர் 6, ஞாயிறு

போஜனுக்குப் பதிவுத் தபாலில் பதில் அனுப்பினேன். மறு ஆய்வுக்குச் சம்மதம், வரும் ஞாயிறு காலை பத்து மணி, சாட்சிகளை அவரே தேர்ந்தெடுக்கலாம். இந்த முறை நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

டிசம்பர் 13, ஞாயிறு

விளக்கமாக எழுத வேண்டிய நாள்.

தேயிலைத் தோட்டம் இவ்வளவு பச்சையாக இருக்கும் என்று மறந்தே போயிருந்தேன். போஜன் வீட்டு வாசலில் எட்டுப் பேர், எல்லாரும் கேன்டீன் வரிசை முகங்கள். பழைய கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு போஜன் நடுவில் நின்றார். டாக்டர் வில்பிரட் ஓரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் நான் அட்டென்ஷனில் நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: "சுபேதார் சாப், அன்னைக்குக் குறை உங்க குழல்ல இல்லை. என் கண்ணுல இருந்துச்சு. எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்குறேன்." இருபத்தாறு வருஷத்தில் மாறாத தீர்ப்பு மாறியது. நான் நினைத்ததுபோல வானம் இடிந்து விழவில்லை. கொஞ்சம் வேர்த்தது, அவ்வளவுதான்.

போஜன் அவசரமில்லாமல் எட்டுப் பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பெரிய மனசு பண்ணித் தலையாட்டினார். கண்ணாடி மாதிரி இருக்கும் என்று அன்றைக்கே சொன்னேனே என்றார். மாதியம்மா பஜ்ஜி கொண்டுவந்தார். வேலை முடிந்த பிறகு சாப்பிடுகிறேன் என்றேன்.

நகத்தை வைத்துக் குழலுக்குள் பார்த்தேன். வெளிச்சம் சுழன்று சுழன்று ஓடியது. குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்கள் ஒவ்வொன்றும் விளிம்பு கூராக, நேற்றுச் செதுக்கியதுபோல இருந்தன. நல்ல குழலைப் பார்த்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கண் கலங்கிவிட்டது. மருந்து விடுகிற நேரம் என்று சொல்லிச் சமாளித்தேன். "குழல் முதல் தரம்" என்று உரக்கச் சொன்னேன். கை தட்டினார்கள். டாக்டர் பேனாவை எடுத்து நீட்டினார்.

போல்ட்டையும் பார்த்துவிடுகிறேன் என்றேன். அதுதான் அன்றைக்கே முதல் தரம் என்று சொல்லியாயிற்றே என்றார் போஜன். அதனால்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

போல்ட்டின் பக்கத்தில் ஒரு குட்டி முட்டு இருக்கும். வெடிக்கும்போது பின்னால் தள்ளுகிற வேகம் முழுவதையும் தாங்கிப் பிடிப்பது அதுதான். அது பிடி விட்டால் போல்ட் சுடுகிறவன் முகத்துக்கு வரும். அந்த முட்டு உடம்போடு சேரும் இடத்தில் ஒரு மயிரிழை. எண்ணெய்க் கோடாக இருக்கும் என்று துடைத்தேன். போகவில்லை. வெயிலில் திருப்பிப் பார்த்தேன். விரிசல்.

ஒரு நிமிஷம் நான் நல்லவனாக இல்லை, அதையும் எழுதிவைக்கிறேன். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் மன்னிப்புக் கேட்டு முடித்தேன். மறுபடி குறை சொன்னால் எட்டுப் பேரில் ஒருவர்கூட நம்பமாட்டார். கையெழுத்துப் போட்டால் எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். டாக்டரைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவருக்குத் துப்பாக்கியைத் தோளில் அணைக்கும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், கன்னத்தை ஒரு பக்கம் சாய்த்து.

பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். போல்ட்டில் விரிசல் என்றேன்.

நான் பயந்தது நடந்தது. எட்டுப் பேரும் சிரித்தார்கள். இன்னொரு கண்ணுக்கும் தேதி வாங்கு என்று ஒருவர் சொன்னார். போஜனின் முகம் சிவந்துவிட்டது. "உனக்கு என்மேல என்னடா கோவம்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை.

என் சொல்லை நம்ப வேண்டாம், என் கண்ணையும் நம்ப வேண்டாம் என்றேன். மாதியம்மாவிடம் கொஞ்சம் மண்ணெண்ணெயும், பேரப்பிள்ளைகள் விட்டுப்போன சாக்பீஸ் ஒன்றும் கேட்டேன். பட்டறையில் விரிசல் பிடிக்கிற வழி இது. போல்ட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வெளியே எடுத்துச் சொட்டுகூட இல்லாமல் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைப் பூச வேண்டும். முழு இரும்பாக இருந்தால் வெள்ளையாகவே இருக்கும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வந்து பொடியை நனைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

போல்ட்டைத் துண்டின்மேல் வைத்துவிட்டு நான் நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டேன். எல்லாரும் மேஜையைச் சுற்றிக் குனிந்தார்கள். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. யாரோ கொட்டாவி விட்டார். பிறகு டாக்டர் மெதுவாகச் சொன்னார், கோடு வருகிறது என்று. வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று முட்டின் அடியைச் சுற்றிப் பாதிவரை வந்து நின்றது. ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்கள். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. நான் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. தாடையைத் தடவிக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

போஜன் கடைசியாகக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "ஆமா. இருக்கு" என்றார். கோயம்புத்தூரில் உரிமம் உள்ள வியாபாரியிடம் வேறு போல்ட் பொருத்தி, நான் மறுபடி பார்த்த பிறகு டாக்டர் வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. வருஷ முடிவுக்குள் ஆகிவிடும். அதற்கப்புறம்தான் பஜ்ஜி சாப்பிட்டேன்.

டாக்டர் காரைத் திருப்பும்வரை போஜன் என்னோடு கேட் வரைக்கும் நடந்துவந்தார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பதக்கங்களை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"பொன்னுரங்கம், அந்தக் கோடு எந்தப் பக்கம் வந்துச்சு?"

அவரைப் பார்த்தேன். இத்தனை நாள் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று அவர் சொன்னது எதைப் பார்த்து என்று புரிந்தது. எட்டுப் பேரும் வாசலில்தான் நின்றார்கள். நான் சத்தம் போடவில்லை.

"வலது பக்கம், சாப்" என்றேன். "புதன்கிழமை எனக்கு அடுத்த கண்ணைப் பார்க்க வரச் சொல்லியிருக்காங்க. ஏழரை மணி பஸ். உங்களுக்கும் சேத்து இடம் போடட்டுமா?"

அவர் கேட்டைத் திறக்கப் போனார். தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் தள்ளிக் கை துழாவியது. நான் திறந்துவிட்டேன்.

"ஜன்னல் சீட்டு எனக்கு" என்றார்.